தெர்லக்கா

அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். கிண்டலுக்குத்தான் வைத்தேன். எதைக் கேட்டாலும் "தெர்ல" என்கிற ஒருத்தியை வேறு எப்படிக் கூப்பிடுவது? ஆனால் எங்கள் கம்பெனியில் நான் நினைத்தது எதுதான் நினைத்தபடி நடந்திருக்கிறது. கொஞ்ச நாளில் பால் காய்ச்சும் பெண்களிலிருந்து வேன் டிரைவர் வரைக்கும் எல்லோரும் அவளை வாய் நிறைய "தெர்லக்கா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட. அவளும் யாரோ பட்டம் கொடுத்துவிட்ட மாதிரி திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

அவள் வேலையை விட்டுப் போய்ச் சில வருஷம் ஆகிறது. அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நல்ல வார்த்தையாக வருமா என்று எனக்கே சந்தேகம். வருகிறதை எழுதுகிறேன்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற ரோட்டை ஒட்டி எங்கள் கம்பெனி இருக்கிறது. சோயா பன்னீர் செய்கிறோம். ஹோட்டல்காரர்கள் டோஃபு என்பார்கள். எங்கள் பக்கம் சோயா பன்னீர் என்றால்தான் புரியும். சோயாவை ஊறவைத்து, அரைத்து, பாலெடுத்துக் காய்ச்சி, திரியவைத்து, துணியில் கட்டி அழுத்தினால் வெள்ளைக் கட்டி வரும். அதில் ஒரு பாதி சிறுசேரி ஆபீஸ் கேன்டீன்களுக்குப் போகும். மீதி மாமல்லபுரம் கடற்கரை ஹோட்டல்களுக்கு.

சோயா வாங்குகிற பிரிவில் நாங்கள் இரண்டு பேர் இருந்தோம். ஒன்றாகச் சேர்ந்தோம், இரண்டு பேருக்கும் ஒரே படிப்பு. எங்களுக்கு மேலே இருந்தவர் ஓய்வு பெறப்போகிறார், அந்த நாற்காலி உங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் என்று எம்.டி. எங்கள் இருவரையும் உட்காரவைத்தே சொல்லியிருந்தார். அது எனக்குத்தான் என்று நான் அப்போதே முடிவு கட்டிவிட்டேன். காரணம் இல்லாமல் இல்லை. நான் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். ஏரிக்குக் கீழே எங்களுக்கு நஞ்சையும் இருக்கிறது, மேட்டில் புஞ்சைக் கொல்லையும் இருக்கிறது. அவளுடைய அப்பா கல்பாக்கத்தில் ஸ்டாஃப் பஸ் ஓட்டினவர். நிலம் என்று சொல்லிக்கொள்ள ஒரு சென்ட் கிடையாது. பயிர் பச்சையைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்பது என் எண்ணம். அவளைக் கேட்டிருந்தால் அவளும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

அவள் "தெர்ல" சொல்கிற விதம் ஒன்று உண்டு. நாமெல்லாம் தெரியாது என்பதைக் கொஞ்சம் வெட்கப்பட்டுச் சொல்லுவோம், அல்லது எரிச்சலோடு சொல்லுவோம், அல்லது தெரிந்த மாதிரி எதையாவது சொல்லிச் சமாளிப்போம். நான் மூன்றாவது ரகம். அவள் அப்படியில்லை, யார் எதைக் கேட்டாலும் முதலில் கொஞ்சம் நிற்பாள். வீட்டில் எங்கேயோ வைத்துவிட்ட சாவியைத் தேடுகிற மாதிரி நிஜமாகவே உள்ளே தேடுவாள். எதிரில் நிற்பவருக்குப் பொறுமை போய்விடும். அப்புறம் நிமிர்ந்து பார்த்து "தெர்ல" என்பாள். மன்னிப்பு எதுவும் கேட்க மாட்டாள். மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரி சொல்லுவாள்.

சொல்லிவிட்டு விட்டுவிடுவாள் என்று பார்த்தால் அதுவும் இல்லை. எங்கள் வேன் டிரைவருக்கு ஒரு பயம் இருந்தது. சோயா சாப்பிட்டால் ஆண்களுக்குப் பெண்களைப் போல உடம்பு மாறிவிடும் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். தினமும் வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு போகிறவன் ஒரு துண்டு வாயில் வைத்ததில்லை. ஒரு நாள் டீ குடிக்கும்போது அதைக் கேட்டான். எல்லாம் புரளிப்பா, தைரியமாகச் சாப்பிடு என்றேன். அவன் என்னைத் தாண்டி அவளைப் பார்த்தான். அவள் தேடினாள். "தெர்லண்ணா, கேட்டு சொல்றேன்" என்றாள். அந்தப் பேச்சு எல்லோருக்கும் மறந்துபோன பிறகு ஒரு நாள் லோடு ஏற்றுகிற இடத்துக்கு நேராகப் போய், இன்ன டாக்டரைக் கேட்டேன், இன்னதைப் படித்துப் பார்த்தேன், நாம் சாப்பிடுகிற அளவுக்கு அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது என்று சொன்னாள். நான் அன்றைக்கே சொன்ன பதில்தான். எழுத்துக்கு எழுத்து அதேதான். ஆனால் அவன் அன்றைக்குத்தான் ஒரு பாக்கெட் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனான். இந்த அநியாயத்தை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

என் மனைவியிடம் சொன்னேன். தினமும் சொன்னேன். இன்றைக்கு அவள் எத்தனை பேரிடம் தெர்ல சொன்னாள், எப்படி முழித்தாள் என்று நடித்துக்கூடக் காட்டுவேன். மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள். நம் பக்கம் ஒரு ஆள் இருக்கிறது என்று எனக்கு ஒரு நிம்மதி. ஒரு நாள் சாதம் போட்டுக்கொண்டே, "அந்தப் பொண்ண ஒரு வாட்டி வூட்டுக்குக் கூட்டினு வாயேன், எனக்குப் பாக்கணும் போல கீது" என்றாள். நான் அதற்கப்புறம் நடித்துக் காட்டுவதை நிறுத்திவிட்டேன்.

நாற்காலி கைமாறின கதையைச் சொல்கிறேன்.

மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த பெரிய ஹோட்டல் ஒன்று எங்களிடம் நிரந்தரமாக வாங்க யோசித்தது. ஆனால் அவர்களுக்கு ஒரு நிபந்தனை. சோயா எந்த நிலத்தில் விளைந்தது, காட்டை அழித்துப் போட்ட பயிரா, என்ன மருந்து அடித்தார்கள், வேலை செய்தவர்களை ஒழுங்காக நடத்தினார்களா, இதெல்லாம் தெரிய வேண்டும். பொறுப்பாகக் கொள்முதல் செய்கிறவர்களிடம்தான் வாங்குவோம் என்றார்கள். விசாரிக்க சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்தார்.

நான் ஒரு மாதமாகத் தயார் செய்திருந்தேன். எங்களுக்குச் சரக்கு அனுப்புகிற தரகரைக் கேட்டு வாட்ஸ்அப்பில் படங்கள் வாங்கினேன். வடக்கே ஒரு மாவட்டத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் பச்சை அம்பு போட்ட மேப், பசுமையான வயல், தலைப்பாகை கட்டிச் சிரிக்கிற ஒரு விவசாயி. பெரிய திரையில் ஓடவிட்டேன். மேடம் அந்த விவசாயியின் படம் வந்ததும் நிறுத்தச் சொல்லி, இவர் பெயர் என்ன என்று கேட்டார். ராம்லால் என்றேன். அந்த ஊரில் யாருக்காவது அந்தப் பெயர் இருக்கத்தானே செய்யும். ஒரு பெயர் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

அப்புறம் குடோனைப் பார்க்கப் போனோம். மேடம் ஒரு மூட்டையைத் தொட்டு, என்னிடம் கேட்காமல் பின்னால் நின்றவளிடம் கேட்டார். "நீங்க சொல்லுங்க. இந்த மூட்டை எங்கேருந்து வந்தது?"

அவள் தேட ஆரம்பித்தாள்.

"தெர்ல மேடம்" என்றாள். "லாரி ஏறின ஊரு தெரியும். அதுக்கு முன்னாடி தெர்ல. தரகரு நாலஞ்சு மண்டி சரக்க ஒண்ணாக் கொட்டி மூட்டை புடிக்கிறாரு. அதுல காட்ட வெட்டின எடத்துது எதுனா கீதான்னு தெர்ல. இன்னா அடிச்சாங்கன்னு தெர்ல. யாரு களை எடுத்தாங்க, அவங்களுக்கு கூலி ஒழுங்கா குடுத்தாங்களான்னும் தெர்ல."

எம்.டி. முகம் செத்துப்போயிற்று. எனக்கோ உள்ளுக்குள் மேளம் கொட்டியது. அன்றோடு அவள் கதை முடிந்தது, நாற்காலி எனக்குத்தான். ஆனால் மேடம் மூட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். இது வரைக்கும் போன கம்பெனிகளில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது, இங்கேதான் ஒருத்தருக்காவது தெரியாமல் இருக்கிறது என்றார். கொஞ்சமாக ஆரம்பிப்போம், எவ்வளவு தெரியுமோ அவ்வளவு மட்டும் எங்களுக்குக் கொடுங்கள், தெரிவது கூடக் கூட ஆர்டரும் கூடும் என்றார். போகும்போது அவளிடம் கை கொடுத்தார். என்னைப் பார்த்து, "உங்க ராம்லாலைக் கேட்டதாச் சொல்லுங்க" என்றார். நாற்காலி அவளுக்குப் போய்விட்டது.

உட்கார்ந்தவள் முதல் வேலையாகக் குடோனை இரண்டாகப் பிரித்தாள். கர்நாடகத்தின் வடக்குக் கோடிக்கு ரயிலேறிப் போனாள். அங்கே ஒரு விவசாயிகள் குழுவைப் பிடித்து, வயல் வயலாக நடந்து, முகம் கறுத்துத் திரும்பி வந்தாள். அவர்கள் தனியாகப் பிடித்து அனுப்பிய மூட்டைகள் ஒரு பக்கம். தரகர் சரக்கு இன்னொரு பக்கம். அந்தப் பக்கத்துச் சுவரில் பெரிய எழுத்தில் "தெர்ல" என்று எழுதவைத்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. நாலு பேர் வந்து போகிற இடம், மரியாதையாக "இதர" என்று எழுதலாமே என்றேன்.

"இதரன்னு எழுதினா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கண்ணா" என்றாள். "தெர்லன்னு எழுதினா நாளைக்கே எவனாவது வந்து ஏன் தெர்லன்னு கேப்பான்."

கேட்டார்கள். வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். சிலர் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். லோடுமேன்கள் முதல் தரம், இரண்டாம் தரம் என்பதை விட்டுவிட்டு, இது தெரிஞ்ச மூட்டை, இது தெர்ல மூட்டை என்று பேச ஆரம்பித்தார்கள். தெரிந்த மூட்டை முதலில் ஒரு மூலையில் நாலு அடுக்காகக் கிடந்தது. வருஷம் திரும்புவதற்குள் அது வளர்ந்து தெர்ல மூட்டையைச் சுவரோடு தள்ளிக்கொண்டுபோனது. என் கேலிப் பேச்சில் பிறந்த சொல் எங்கள் கம்பெனியின் மதிப்பாகி நின்றது. அதில் எனக்குச் சேர வேண்டிய பங்கை ஒருவரும் தரவில்லை.

இப்போது அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். வடக்கே ஒரு பெரிய கம்பெனி கூப்பிட்டு அவள் போன பிறகு கிடைத்தது. போகிற அன்றைக்குப் புது வேலை எப்படி இருக்கும் என்று கேட்டோம். என்ன சொல்லியிருப்பாள் என்று நான் எழுத வேண்டியதில்லை. பெண்கள் அழுதார்கள். டிரைவர் அழுதான். அவள் போன கொஞ்ச நாளில் நானும் ஒரு தடவை அந்த வித்தையைச் செய்து பார்த்தேன். ஹோட்டலிலிருந்து போனில் ஒரு மூட்டையைப் பற்றிக் கேட்டார்கள். நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் தேடுகிற மாதிரி இருந்துவிட்டு, தெரியலைங்க என்றேன். "என்ன சார், நீங்களே இப்படிச் சொன்னா எப்படி?" என்று அந்தப் பக்கம் கோபித்துக்கொண்டார்கள். அவள் சொன்னால் நேர்மை, நான் சொன்னால் பொறுப்பில்லாமை.

இதையெல்லாம்கூட நான் விட்டுவிடுவேன். நாற்காலி, பெயர், டிரைவர், மனைவி எல்லாவற்றையும். என் அப்பா விஷயத்தை மட்டும் விட முடியவில்லை.

அவள் இங்கே இருந்தபோதே ஹோட்டல்காரர்களுக்கு ஒரு ஆசை வந்தது. எங்கேயோ வடக்கேயிருந்து வருவதற்குப் பதிலாகப் பக்கத்திலேயே கொஞ்சம் சோயா விளைந்தால், அந்த ஊரின் பெயரை மெனு கார்டில் போட்டு ஒரு தட்டு பரிமாறலாம் என்றார்கள். எனக்குப் பளிச்சென்று எங்கள் கொல்லை ஞாபகம் வந்தது. எங்கள் ஊர்ப் பெயர் கடற்கரை ஹோட்டல் மெனுவில்! நான் அன்றைக்கே ஊருக்கு, அப்பாவிடம் போனேன். ஏக்கருக்கு இவ்வளவு விளையும், இவ்வளவு கிடைக்கும், கண்ணை மூடிக்கொண்டு போடலாம் என்று அடித்துப் பேசினேன்.

"மீல் மேக்கரா?" என்றார் அப்பா. "அது கொல்லையில வெளையறதா? எதோ மில்லுல செய்றாங்கன்னுல்ல நெனச்சினு இருந்தேன்."

மீல் மேக்கர் மில்லில்தான் செய்கிறார்கள், அதற்கு மூலம் இந்த சோயாதான் என்று விளக்கினேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உளுந்து விதைக்கிற வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ஆபீசர் மாதிரி பேசுகிறான் என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன்.

அப்புறம் அவள் வந்தாள். என் வண்டிக்குப் பின்னாலேயே அவள் ஸ்கூட்டியும் வந்து வாசலில் நின்றது. அப்பா எந்த ஊரும்மா என்று கேட்டார். சொன்னாள். ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் இந்த இரண்டாவது கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"ரோட்டுக்கு அந்தாண்ட, காலனிப்பா" என்றாள். "எங்கம்மா இந்தப் பக்கமெல்லாம் களை எடுக்க வந்துகினு இருந்தவங்கதான்."

அப்பா நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது. அம்மா அப்பாவுக்கும் எனக்கும் டம்ளரிலும் அவளுக்குப் பேப்பர் கப்பிலும் காபி கொண்டுவந்து வைத்தாள். அவள் கப்பைப் பார்த்தாள். குடித்தாள். பேச்சை ஆரம்பித்தாள்.

ஏக்கருக்கு எத்தனை மூட்டை வரும் என்று அப்பா என்னிடம் கேட்ட அதே கேள்வியை அவளிடமும் கேட்டார். அவள் வழக்கம்போலத் தேடினாள். "தெர்லப்பா. இந்த மண்ணுல யாரும் வெச்சு நான் பாக்கல. வடக்க வர்ற கணக்கு சொல்லலாம், ஆனா அது கரிசல். உங்குளது இன்னா மண்ணுன்னு நீங்கதான் சொல்லணும்."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். நஷ்டம் வந்தால் என்று கேட்டார். அதில் பாதியைக் கம்பெனி ஏற்க வேண்டும் என்று எம்.டி.யிடம் கேட்கப் போகிறேன், அவர் என்ன சொல்லுவார் என்று தெர்ல என்றாள். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். இத்தனை வருஷத்தில் விதை விற்க வந்தவன், உரம் விற்க வந்தவன், லோன் கொடுக்க வந்தவன் ஒருவன்கூடத் தெரியாது என்று சொன்னதில்லை, எல்லாம் தெரிந்தவன் பேச்சைக் கேட்டுத்தான் கெட்டோம் என்றார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்த்த மாதிரிதான் எனக்குப் பட்டது.

எழுந்து போகும் முன் அவள் ஒன்று கேட்டாள். களை எடுக்க யார் வருவார்கள்? உங்கள் பக்கத்து ஆட்கள்தான் என்றார் அப்பா. அவர்களோடும் பேச வேண்டும், மருந்து எதாவது அடிப்பதாக இருந்தால் எனக்குச் சொல்வதற்கு முன்னால் அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும், காய் பிடித்த பிறகு அடிக்கவே கூடாது என்றாள். எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு அப்பாவுக்கு யாரும் அப்படி நிபந்தனை போட்டு நான் பார்த்ததில்லை. அப்பா தலையாட்டினார். அடுத்த தடவை அவள் வந்தபோது, உள்ளே பார்த்து "காபி டம்ளர்ல எட்துனு வா" என்று அவரே குரல் கொடுத்தார். நான் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து அந்த வீட்டில் எத்தனையோ மாற்றச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒரு ஆணி இடம் மாறினதில்லை.

சோயா முளைத்தது. ஊரில் அந்த நிலத்துக்கு "மீல் மேக்கர் கொல்லை" என்று பெயர் விழுந்தது. களை எடுக்க வந்த பெண்கள் பூ எப்போது உருண்டையாகும் என்று செடியைப் புரட்டிப் பார்த்தார்களாம். ஹோட்டலிலிருந்து சமையல் தலைவர் வந்து வரப்பில் நின்று படம் எடுத்துக்கொண்டார். மெனு கார்டு அச்சாகி வந்துவிட்டது, எங்கள் ஊர்ப் பெயரோடு. அதைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன். அந்தக் கொஞ்ச காலம் அவளைக்கூட எனக்குப் பிடித்திருந்தது.

அறுவடை வாரத்தில் வீட்டுக்குப் போயிருந்தபோது அப்பாவிடம், "மருந்து ஒண்ணும் அடிக்கலல்ல?" என்று கேட்டேன். கோணியைத் தைத்துக்கொண்டிருந்தவர் நிமிராமல், இல்லை என்றார்.

மூட்டைகளைக் குட்டியானை டெம்போவில் ஏற்றி நானே கூட வந்தேன். கம்பெனி கேட்டில் எல்லோரும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். எங்கள் வேன் டிரைவர் ஹாரன் அடித்து வரவேற்றான். லோடுமேன்கள் தெரிந்த மூட்டைப் பக்கம் இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். எங்கள் அப்பா விளைத்ததைவிடத் தெரிந்த மூட்டை உலகத்தில் எது இருக்க முடியும்?

அவள் ஒரு நிமிஷம் என்றாள். புதிதாக யாரிடமிருந்து சரக்கு வந்தாலும் இறக்குவதற்கு முன்னால் விளைத்தவருக்கு அவள் போன் பண்ணுவது வழக்கம். வேப்பமரத்தடிக்குப் போய் அப்பாவைக் கூப்பிட்டாள். என்ன கேட்டாள் என்பது காதில் விழவில்லை. அவர் சொல்வதை வெகு நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம், "அவங்களுக்கு சொன்னீங்களாப்பா?" என்றாள். மறுபடி கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டு வந்து, இறக்க வேண்டாம் என்றாள்.

காய் பிடித்த பிறகு புழு விழுந்திருக்கிறது. அப்பா வேர்க்கடலைக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த மருந்தை எடுத்து அடித்துவிட்டார். மறுநாளே களை எடுக்கப் பெண்கள் இறங்கியிருக்கிறார்கள், அவர்களுக்கும் சொல்லவில்லை. இதை அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் சொன்னாள். ஆனால் கேட்டில் நின்ற அத்தனை பேரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்கிட்ட அடிக்கலன்னு சொன்னாரே" என்றேன்.

"எங்கிட்ட அடிச்சேன்னாருண்ணா."

ஹோட்டலுக்கு வேண்டாம், சரி. கேன்டீனுக்குப் போகிற தெர்ல மூட்டையோடு சேர்த்துவிடலாமே, அதில் என்னென்னமோ கிடக்கிறது, இதுவும் கிடந்துவிட்டுப் போகட்டும் என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

அவள் என்னை அதிசயமாகப் பார்த்தாள். "அதுல எப்படிண்ணா போடறது? இப்பதான் எனக்குத் தெரியுமே."

ஹோட்டலுக்கும் அவளே போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். மெனு கார்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலமே அவள் எங்கள் ஊர்க் காலனிக்குப் போய் அந்தக் களை எடுத்த பெண்களைப் பார்த்தாள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

நான் குட்டியானைக்குப் பின்னால் வண்டியில் போனேன். அந்த மூட்டைகளைப் பார்த்துக்கொண்டே போகும்படி ஆனது. பாதி ரோடு வரைக்கும் அப்பா மேல் ஆத்திரம். மீதி ரோட்டில் ஒரு நம்பிக்கை வந்தது. சரக்கைத் திருப்பி அனுப்பினதைப் பார்த்ததும் அப்பாவுக்கு அவள் மேல் வெறுப்பு வந்துவிடும். அந்தப் பெண் இப்படிப் பண்ணிவிட்டதே என்பார். இனிமேல் அவள் நம் வீட்டு டம்ளரைத் தொட மாட்டாள்.

அப்பா மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பி வந்த வண்டியைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவில்லை. டிரைவரிடம் இறக்கிக் கொட்டாயில் போடச் சொன்னார்.

"அந்தப் பொண்ணு திருப்பி அனுப்பும்னு தெரியும்" என்றார். "நான் சொன்னதுக்கு அப்புறம் எப்படி எடுக்கும்?"

நான் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டேன். "எங்கிட்ட அடிக்கலன்னுதானே சொன்ன?"

"நீ இன்னான்னு கேட்ட? அடிக்கலல்லன்னு கேட்ட. இல்லன்னேன்."

"அது இன்னான்னு கேட்டுது?"

"எனக்குத் தெரியாத சங்கதி எதுனா கீதாப்பான்னு கேட்டுது. இருந்துது. சொன்னேன்."

நான் உன் பிள்ளை, கூடப் பிறந்தவன் யாரும் இல்லாத ஒரே பிள்ளை, எவளோ ஒருத்தியிடம் போனில் சொல்லுகிறதை என் முகத்தைப் பார்த்துச் சொல்ல உனக்கு என்ன கேடு என்று கத்தினேன். வண்டியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா குழாயை மூடினார். துண்டால் காலைத் துடைத்தார். அவருக்குக் கோபமே வரவில்லை.

"சொல்லியிருந்தா நீ இன்னா சொல்லியிருப்ப?" என்றார். "பரவால்ல வுடு, யாருக்குத் தெரியப் போவுதுன்னு சொல்லியிருப்ப. நானும் சரின்னுட்டு இருந்துருப்பேன்."

அப்பா சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. அப்போதும் எனக்கு அவள் மேல்தான் கோபம் வந்தது.